தறிக்குழியும் ஐப்பசி மழையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பழைய நெசவாளர் வீடு ஒன்றுக்குள் நுழைந்தால், தறிக்காரர் பாதி உடம்பு தரைக்குள் இருக்க உட்கார்ந்திருப்பார். அவர் கால்கள் தொங்கும் இடம் தறிக்குழி. குழியின் அடியில் மிதிகட்டைகள். அவருக்கு முன்னால், தரையை ஒட்டினாற்போல, பாவு எனும் நீளவாட்டு இழைகள் விறைப்பாக நீண்டு கிடக்கும். குறுக்கிழையைச் சுமந்து நாடா இடமும் வலமும் போய்வரும்.

இடம் போதாமல்தான் இப்படிக் குழி தோண்டினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மண்ணையே பிடிமானமாக வைத்துக் கம்பங்களை நட்டால் மரச் செலவு குறையும், தறியும் ஆடாது. பிற்காலத்தில் பூவேலை நெய்ய உதவும் ஜக்கார்டுப் பெட்டி வந்தபோது, தாழ்ந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே அதை மாட்ட வேண்டிய உயரத்தைக் கொடுத்ததும் இந்தக் குழிதான். ஆனால் குழிக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. பாவு கிடக்கும் இடத்துக் காற்றை அது சூடேறாமல், வறளாமல் பார்த்துக்கொண்டது. மின்விசிறிகூட இல்லாத காலத்தில், ஒரு வீட்டுப் பட்டறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் மண்ணை வைத்தே கட்டுக்குள் வைத்த ஏற்பாடு அது.

பருத்தி, நனைந்தால் பலம் கூடும் இழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய எட்டரை கிராம் நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். பட்டு 11 கிராம். காற்று வறண்டால் இந்த நீர் வெளியேறிவிடும். நூல் முறுகும். மேலே ஏற்றிய கஞ்சி பொருக்காக உதிரும். பிசிறு எழுந்து பக்கத்து இழையோடு சிக்கும். குறுக்கிழையைத் தட்டி நெருக்கும் அச்சு வந்து மோதும்போது பட்டென்று அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிந்து, விழுதிலும் அச்சிலும் திரும்பக் கோக்கும்வரை தறி நிற்கும். நெசவாளருக்குக் கூலி நெய்த துணிக்குத்தான், செலவழித்த நேரத்துக்கு அல்ல. எனவே காற்றின் வறட்சி அவருக்கு நேரடியான பண நட்டம். இன்றைய பருத்தி நெசவாலைகளில் ஈரப்பதத்தை 75 முதல் 85 சதவீதம் வரை வைத்திருக்கப் பெரும் இயந்திரங்கள் ஓடுவது இதற்காகத்தான்.

குழி இதை எப்படிச் செய்தது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வெளியே 35 டிகிரி வெப்பமும் 55 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு பகல். அதே காற்று, ஒரு சொட்டு நீர்கூடச் சேராமல், வீட்டுக்குள் தரையோரம் 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் ஈரப்பதம் 73 சதவீதத்தை எட்டிவிடும். மண் தரையும் ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் சேர்ந்து அந்த ஐந்து டிகிரியைக் குறைக்கக்கூடியவை. குழியின் பக்கச் சுவர்களில் கசியும் மண்ணீரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று கனமானது. எழும்பாமல் தாழ்வாகவே தேங்கும். பாவு கிடப்பதும் அந்தத் தாழ்வில்தான். போதாதென்றால் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், மேற்கு சன்னலைச் சாத்துவார்கள். ஆனி, ஆடி மாதங்களில் உள்நாட்டிலிருந்து வீசும் மேல்காற்று வறண்டது. அது நேராகப் பாவின் மேல் பட்டால் நூல் தாங்காது.

இந்தத் தொழிலின் பழைய எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இன்று காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் தனித்தனி மாவட்டங்கள். 1997 வரை இரண்டும், இன்றைய திருவள்ளூரும் சேர்ந்தே செங்கல்பட்டு மாவட்டம். தனிச் செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில்தான். நிலவியலும் இவற்றை ஒன்றாகவே வைத்திருக்கிறது. காஞ்சிக்குத் தெற்கே ஓடும் பாலாறு செங்கல்பட்டைத் தாண்டி, வயலூர் அருகே, சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கில் கடலில் கலக்கிறது. உள்நாட்டில் தறி, கரையில் கப்பல் என்று பல நூற்றாண்டுகள் இந்தச் சீமையின் வணிகம் நடந்தது.

காஞ்சி நெசவாளர்களைப் பற்றிய பழைய ஆவணங்களில் முக்கியமானது, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, நகரின் நெசவாளர் சேரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்குள்ள ஊரகம் கோயிலின் கணக்குவழக்குகளை மேற்பார்க்கும் பொறுப்பை அந்த நெசவாளர்களிடம் ஒப்படைக்கிறது. கோயில் பண்டாரத்தை நம்பிக் கொடுக்குமளவுக்கு அன்று அவர்களுக்கு நகரில் மதிப்பு இருந்திருக்கிறது. சோழர், விசயநகரக் கல்வெட்டுகளில் தறி இறை அடிக்கடி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அதுவே மொதர்பா என்ற பெயரில் தொடர்ந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீர் எனப்பட்ட இந்தச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, எந்த ஊரில் எந்தத் தொழில் செய்வோரின் வீடுகள் எத்தனை என்று பதிவு செய்தார். நெசவாளர் வீடுகளும் அந்தக் கணக்கில் உண்டு. காந்தியவாதியும் ஆய்வாளருமான தரம்பால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பதிவுகளைப் புரட்டினால், நெசவு இந்தச் சீமையில் ஊர்தோறும் வேர்விட்ட தொழிலாக இருந்தது புரியும்.

தறியை எல்லா ஆட்சிகளும் எண்ணின. தறி நின்ற வீட்டின் காற்றை அளக்க யாரும் நினைக்கவில்லை.

கரைக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் கடை விரித்தார்கள். நயமான பருத்தித் துணிக்கு அந்த ஊர் அவர்களிடம் பேர்பெற்றிருந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய செங்கல் கோட்டையின் மிச்சமும், பூவேலை செதுக்கிய கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில், 1720களில், ஆஸ்டெண்ட் கம்பெனி என்ற பெயரில் இன்றைய பெல்ஜியத்திலிருந்து வந்த வணிகர்கள் சிறிதுகாலம் தொழில் நடத்தினார்கள். எல்லோரும் தேடி வந்தது துணியை. துணி கடற்கரைக்கு வந்ததும் ஈரத்தைப் பற்றிய கவலை அப்படியே தலைகீழாக மாறிவிட்டது.

தறியில் நூலைக் காப்பாற்றிய அதே ஈரம், கிடங்கில் துணியைக் கெடுத்தது. கஞ்சி ஏறிய துணியை மடித்து, மூட்டை கட்டி, உப்புக்காற்று நுழையும் கிடங்கில் வைத்தால் பூசணம் பிடிக்கும். கரும்புள்ளி விழுந்த துணியை வாங்குவோர் கழித்துவிடுவார்கள். துறைமுகம் இல்லாத கரை இது. மூட்டைகளை மசூலா படகில், ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகளில் ஏற்றி, அலையைத் தாண்டி நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பெரிய அலை போதும், பல மாத உழைப்பு நனைந்துபோகும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது கப்பல்கள் இந்தக் கரையை விட்டே விலகிப் போய்விடும். ஆகவே புரட்டாசிக்குள் துணி நெய்து, வெளுத்து, உலர்த்தி, கட்டி முடிந்திருக்க வேண்டும். உள்நாட்டுத் தறிகளின் வேகத்தைக் கடலோர வானிலைதான் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை.

மழை நெசவாளரின் வேலையையும் பாதியில் நிறுத்தியது, அதுவும் தறிக்கு முன்பே. பாவுக்குக் கஞ்சி போடும் வேலை வீட்டுக்குள் நடப்பதில்லை. அதற்குத் தெரு வேண்டும். பட்டில் மூன்று சேலைக்கான பாவு என்றால் ஏறத்தாழ அறுபது அடி நீளம். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், தெருவில் பாவை இரு முனையிலும் இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சி ஏற்றி, நாரால் கட்டிய பிரஷால் நீவி, ஒட்டிய இழைகளை விரலால் பிரித்துவிடுவார்கள். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆட்கள் கைகொடுப்பார்கள். நாளை அவர்கள் வீட்டுப் பாவுக்கு இவர்கள் போவார்கள். நேரக் கணக்கு இதில் மிக நுட்பமானது. சூரியன் சுள்ளென்று அடித்துவிட்டால் கஞ்சி ஒரேயடியாகக் காய்ந்து நூல் கம்பிபோல் விறைக்கும். பனி அதிகமென்றால் காயாமல் இழைகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சொற்ப நேரத்துக்குள் நாலைந்து பேர் ஓடியோடி வேலையை முடிக்க வேண்டும். அந்த நேரத்தை யாரும் கடிகாரம் பார்த்துச் சொன்னதில்லை. நூலைத் தொட்டுப் பார்த்தே சொன்னார்கள். மற்ற ஊர்களிலும் இந்த அறிவு இருந்தது. டாக்கா மஸ்லினுக்கு நூல் நூற்ற பெண்கள் காற்றில் ஈரம் இருக்கும் அதிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும்தான் கதிரைத் தொட்டார்கள். வறண்ட நாட்களில் நூலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி பிறந்தால் தெரு ஈரமாகிவிடும். பாவு போட முடியாது. தறியில் ஏற்கெனவே ஏறிய பாவு தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது. கார்த்திகை முடியும்வரை கடன்தான்.

நூலை வறட்சியிலிருந்து காக்கும் பிரச்சினையைக் கடல் கடந்து இங்கிலாந்தின் லங்காஷயர் எப்படிச் சமாளித்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கே இயல்பாகவே காற்றில் ஈரம் அதிகம். பருத்தித் தொழில் அங்கே குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிப் பஞ்சு வரத்து நின்றபோது, ஆலை முதலாளிகள் மட்டமான நூலைத் தூக்கி நிறுத்தச் சீனக் களிமண்ணைக் கஞ்சியில் அள்ளிச் சேர்த்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் களிமண் பஞ்சைவிட மலிவு. களிமண் ஏறிய நூல் சற்று வறண்டாலும் அறும். அதனால் நெசவுக் கூடத்துக்குள் குழாய் வைத்து நீராவியைப் பாய்ச்சினார்கள். தொழிலாளர்கள் நாளெல்லாம் நனைந்த உடையோடு நின்று, இரவில் குளிர்ந்த தெருவில் நடந்து வீடு திரும்பினார்கள். அவர்கள் போராடியதன் விளைவாக 1889இல் பருத்தித் துணி ஆலைச் சட்டம் வந்தது. இத்தனை டிகிரி வெப்பத்துக்கு இவ்வளவு ஈரம்தான் இருக்கலாம் என்று அது வரம்பு கட்டியது. கூடத்தில் ஈரமானி வைத்துக் குறித்துவரவும் சொன்னது. வேலையிடத்துக் காற்றைச் சட்டம் எண்ணால் அளக்கத் தொடங்கிய ஆரம்ப நிகழ்வுகளில் ஒன்று அது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நடந்தது. 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். 1906இல் வடகரோலினாவின் ஸ்டூவர்ட் கிராமர், நெசவாலைக் காற்றுக்கு ஈரம் ஊட்டும் தன் முறைக்கு 'ஏர் கண்டிஷனிங்' என்று பெயர் வைத்தார். இன்று நகரத்து வீடுகளில் ஓடும் ஏசி, மனிதர் குளிர்ச்சியாக இருப்பதற்காகப் பிறந்ததல்ல. காகிதமும் நூலும் கெடாமல் இருக்கப் பிறந்தது. அந்த வகையில் தறிக்குழியும் ஏசியும் ஒரே கேள்விக்குக் கிடைத்த இரண்டு பதில்கள்.

அதே 1906இல் சேலத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற சென்னை மாகாண அதிகாரியின் முயற்சியில் அரசு நெசவுக்கூடம் ஒன்று தொடங்கியது. கயிற்றை இழுத்தால் பாயும் நாடாவைப் பரப்புவதும், நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதும் நோக்கம். நாடா பரவியது. வீட்டுத் தறியை விட்டுக் கூடத்துக்கு வர நெசவாளர்கள் விரும்பவில்லை. 1910இல் அது மூடப்பட்டது. கூடத்தின் ஒழுங்கு பிடிக்கவில்லை, குடும்பத்தின் கைகள் அங்கே உதவிக்கு வராது என்பவையெல்லாம் காரணங்கள். நாடாவுக்குத் தார் சுற்ற மனைவியும் பாவு பிடிக்க அண்டை வீட்டாரும் இல்லாத இடத்தில் ஒரு தறி தனியாக என்ன செய்யும்?

பட்டில் ஈரத்துக்கு இன்னொரு முகம் உண்டு: எடை. பட்டு எடை போட்டு விற்கப்படும் பொருள். கைக்கு ஈரம் தட்டாமலே பட்டு ஏராளமான நீரை உள்வாங்கிக்கொள்ளும் என்பதால், தண்ணீருக்குப் பட்டின் விலை கொடுக்க நேரிடும். ஐரோப்பாவில் இது பெரிய சச்சரவாக இருந்தது. பிரான்சின் லியோன் நகரில் 1805இல் நெப்போலியனின் ஆணைப்படி பொது நிலையம் ஒன்று அமைந்தது. விற்பனைக்கு வரும் பட்டின் ஈரத்தைச் சரிபார்த்து, நியாயமான எடை இதுதான் என்று சான்று கொடுப்பது அதன் வேலை. உலர்ந்த எடையோடு 11 சதவீதம் சேர்ப்பது என்ற வணிக வழக்கம் பின்னர் நிலைபெற்றது. காஞ்சிபுரத்தில் நெசவாளர், கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்குகிறார். சேலையை எடை போட்டே ஒப்படைக்கிறார். மழைநாளில் நிறுத்து வாங்கிய பட்டு, வெயில்நாளில் சேலையாகத் தராசில் ஏறும்போது சில கிராம் இளைத்துத்தான் நிற்கும். ஒரு கிலோ பட்டில் ஒரு சதவீத ஈர வித்தியாசம் என்றாலே ஏறக்குறைய 10 கிராம். அந்த 10 கிராமுக்கு நெசவாளரின் கைச்சுத்தம் பொறுப்பல்ல. பட்டுநூலைச் சுற்றி வெள்ளித் தகட்டை முறுக்கிப் பொன்முலாம் பூசிய ஜரிகைக்கும் ஈரம் ஆகாது, வெள்ளி கறுக்கும். ஜக்கார்டின் துளையட்டைகள்கூட மழைக்காலத்தில் ஊதி வளையும். நூல் தேடிய ஈரமும் ஜரிகையும் அட்டையும் அஞ்சிய ஈரமும் ஒரே அறைக்குள் இருக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடித்து வைத்திருந்தது அந்த வீடு.

இந்த வீட்டைப் பார்க்க விரும்புவோர் காஞ்சிக்குப் போக முடியாவிட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்குப் போகலாம். டெபோரா தியாகராஜன் முன்னெடுத்து 1996 டிசம்பரில் திறந்த அந்த வளாகத்தில், தென்னிந்தியாவின் பழைய வீடுகளோடு காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் எழுப்பப்பட்டிருக்கிறது. சுவரின் கனத்தையும், கூரை எவ்வளவு தாழ்ந்து இறங்குகிறது என்பதையும் அங்கே உடம்பால் உணரலாம். நண்பகலில் சாலையிலிருந்து உள்ளே வருபவருக்கு இந்தக் கட்டுரையின் கணக்குகள் எதுவும் தேவைப்படாது.

ஆனால் குழியைப் போற்றிப் பாடுவதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. நூலுக்கு இதமான அந்த ஈரத்தில் ஒரு மனிதரின் கால்கள் வாழ்நாள் முழுக்கத் தொங்கின. முழங்கால் வலி, இடுப்பு வலி, பாதத்தில் ஏறும் குளிர் இவையெல்லாம் தொழிலோடு வந்த சீர்வரிசையாகவே ஏற்கப்பட்டன. மழை வலுத்தால் நிலை இன்னும் மோசம். வேகவதியும் பாலாறும் சூழ்ந்த காஞ்சியில் நிலத்தடி நீர் ஏறும்போது, வாசல் வழியாக வெள்ளம் வர வேண்டியதில்லை, குழிக்குள்ளேயே ஊற்றெடுக்கும். மிதிகட்டைகள் மூழ்கும். வாளியால் இறைத்தால் இரவுக்குள் மறுபடி நிரம்பும். ஏறிய பாவை அவிழ்க்கவும் முடியாது, நெய்யவும் முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்தப் பெருமழை எல்லோர் நினைவிலும் இருக்கிறது. தறிக்குழிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு மழையே அதிகம். மீனவருக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று கைத்தறி நெசவாளர்கள் கேட்டுவருவதற்குப் பின்னால் இந்தக் குழி இருக்கிறது.

ஆலைகளுக்குச் சட்டம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 15ஆம் பிரிவில், செயற்கையாக ஈரமூட்டும் ஆலைகளுக்கு விதி வகுத்தது. அதற்குப் பயன்படும் தண்ணீர்கூடக் குடிநீருக்கு நிகரான சுத்தத்தோடு இருக்க வேண்டும் என்றது. மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கே அந்தச் சட்டம் பொருந்தியது. கணவனும் மனைவியும் நெய்யும் வீடு அதன் கண்ணில் படவில்லை.

இப்போது குழி மெல்ல மறைந்துவருகிறது. தரைக்கு மேலே உயர்த்தி, பலகையில் உட்கார்ந்து நெய்யும் தறிகள் வருகின்றன. கால் காய்ந்திருக்கிறது, முதுகு நிமிர்கிறது, மழைநீர் தொடுவதில்லை. பெண்கள் தறியில் உட்கார்வதும் எளிதாகியிருக்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். கூடவே சுவரும் கூரையும் மாறிவிட்டன என்பதுதான் சிக்கல். ஓடு போய்க் காங்கிரீட் தளம் வந்துவிட்டது. மண் தரை போய் டைல்ஸ் வந்துவிட்டது. பகலெல்லாம் சூடு குடித்த தளம் இரவெல்லாம் அதை உள்ளே இறக்குகிறது. உயர்த்திய தறியில் பாவு கிடப்பது அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில். தலைக்கு மேல் மின்விசிறியைப் போட்டால் நெய்பவருக்குச் சுகம், நூலுக்கு வறட்சி. நிறுத்தினால் நூலுக்கு நல்லது, நெய்பவர் வெந்துபோகிறார். சித்திரைக் கத்திரியில் விசிறியை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பதே ஒரு தொழில் நுணுக்கமாகிவிட்டது.

நெசவாளருக்கு வீட்டோடு சேர்ந்த தறிக்கூடம் கட்டிக்கொடுக்கும் திட்டங்களை வகுப்பவர்கள், சதுர அடியையும் செலவையும் எழுதும் அதே தாளில் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்கலாம். அந்தத் தெருவில் கார்த்திகையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? கூடத்தின் மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா? தளத்தின் மேல் ஓடு பதிக்கவோ வெள்ளைப் பூச்சு பூசவோ பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? பாவு போட வாகனம் நுழையாத நீளமான தெருவோ கூரை வேய்ந்த நீண்ட கொட்டகையோ இருக்கிறதா? ஓர் ஈரமானியின் விலை இன்று சில நூறு ரூபாய்தான். தறிக்கூடத்தில் ஒன்று, சங்கத்தின் தராசுக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினால், நூல் ஏன் அறுகிறது, எடை ஏன் குறைகிறது என்ற பழைய வழக்குகளில் நெசவாளரின் பக்கமும் ஒரு சாட்சி நிற்கும்.